சார்மத் கடற்கரையில் பொறுக்கிய கற்களில் எவை புதைபடிவங்கள்?

இங்கிலாந்தின் டோர்செட் பகுதியிலுள்ள சார்மத்தில் பொறுக்கியவை என்றால் பாதி வேலை முடிந்தது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் சுமார் 19 கோடி ஆண்டுப் பழைய ஜுராசிக் காலத்துக் கடலுயிர்கள்.

துப்பாக்கித் தோட்டா போலக் கூம்பியிருப்பது பெலம்னைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். உங்கள் கையில் இருப்பது அதன் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி மட்டும். உடைந்த முனையைப் பாருங்கள், நடுவிலிருந்து மெல்லிய கோடுகள் சுற்றிலும் விரியும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

சுருண்டு, வரிவரியாக மேடு இருந்தால் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் ஓடு. பித்தளை நிறமும் அளவுக்கு மீறிய கனமும் இருந்தால் பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறியது. இது அழகாக இருக்கும், ஆனால் ஈரக்காற்று பட்டால் நாளடைவில் பொடிந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

கறுப்பாக, வட்டமாக, இருபுறமும் குழிந்த கல்லா? லென்ஸில் நுண்துளைகள் தெரிந்தால் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் முதுகெலும்பாக இருக்கலாம். 1811–12இல் புதைபடிவம் தேடுவதில் புகழ்பெற்ற மேரி ஆனிங்கும் அவர் அண்ணனும் இக்தியோசார் எலும்புக்கூட்டை எடுத்தது இந்தப் பக்கத்துப் பாறைகளில்தான். சார்மத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் காட்டிக் கேளுங்கள்.

நார்நாராகப் பிளக்கும் கல்லோ புதைமரம் அல்ல, வெறும் கால்சைட் என்ற கனிமம். பலரும் ஏமாறுவது இதில்தான்.