டிவிடி அடிக்க லெப்டொப்பில் எவ்வளவு இடம் வேணும்? 9 ஜிபி இருந்தும் "இடம் போதாது"ன்னு வருதே?

நீங்க சொன்ன கணக்கு இது: சி டிரைவில 9 ஜிபி மிச்சம், டி டிரைவில 60 ஜிபி சும்மா கிடக்கு. தோட்டத்துக் காமன் கூத்தை (ரதி மன்மதன் கதையை ஆடுற கூத்து) வீடியோ எடுத்து, வீட்டுல பழைய பிளேயர் வச்சிருக்கிற பெரியவங்களுக்கு டிவிடி அடிச்சுக் கொடுக்கணும். டிவிடியே 4.7 ஜிபி தானே, 9 எப்படிப் பத்தாமப் போகும்னு கேக்குறீங்க.

வீடியோ டிவிடிக்குப் பத்தாது. சும்மா ஃபைல்களைப் போட்டு அடிக்கிறதுன்னா 9 போதும். விண்டோஸ் கேக்குறப்ப சிடி/டிவிடி பிளேயருக்கான வகையைத் தேர்ந்திருந்தா, டிவிடி டிரைவுக்குள்ள ஃபைலை இழுத்துப் போட்டதும் அது டிஸ்க்குக்குப் போறதில்ல. முதல்ல சி டிரைவில ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு முழுசா கொப்பி ஆகும், "பேர்ன்" கொடுத்த பிறகுதான் எழுதும். அதனால ஒரு டிஸ்க் அளவு இடம் கூடுதலா வேணும். அடிக்காம பாதியில விட்டுட்டா அந்தக் கொப்பி அங்கேயே கிடக்கும்; உங்க சி நிரம்பினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், பாருங்க. இன்னொன்று, 4.7ங்கிறது ஆயிரம் ஆயிரமா எண்ணின கணக்கு. விண்டோஸ் காட்டுற கணக்குல ஒரு டிவிடிக்கு 4.37 தான்.

வீடியோ டிவிடி கதை வேற. கெமராவில செக்கனுக்கு 24 மெகாபிட் அளவுல எடுத்திருந்தா ஒரு மணித்தியாலத்துக்கே 10 ஜிபிக்கு மேல வரும். பழைய பிளேயருக்கு அது விளங்காது, டிவிடி பிளேயர் படிக்கிற எம்பெக்-2ங்கிற வீடியோ வகையா மாத்தணும். மாத்தின ஃபைல் 4 ஜிபிக்கு மேல, மெனுவோட கட்டின வீடியோ டிஎஸ் ஃபோல்டர் (பிளேயர் டிஸ்கில தேடுற ஃபோல்டர்) இன்னொரு 4க்கு மேல, கடைசியா ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா ஆக்கினது, அதே அளவு. மூணும் சேர்ந்து 13 ஜிபி. டிவிடி ஆக்குற சொஃப்ட்வெயார் பொதுவா தன் வேலையெல்லாம் சியிலதான் வச்சுக்கும். 9ல எங்க போறது?

சொஃப்ட்வெயாரோட செட்டிங்ஸ்ல டெம்ப் ஃபோல்டரையும் வெளியே எடுக்கிற ஃபோல்டரையும் டிக்கு மாத்துங்க. விண்டோஸோட தற்காலிக ஃபோல்டரை மாத்த, டிவிடி டிரைவ் மேல ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், ரெக்கோர்டிங். ரெண்டு மணித்தியால வீடியோவுக்கு மூல ஃபைலோட சேர்த்து 35 ஜிபி போதும், உங்க 60 தாராளம். ஐஎஸ்ஓவை மட்டும் பென் டிரைவில எடுக்கப் போறீங்கன்னா, பென் ஃபெட்32ங்கிற பழைய ஃபோர்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏத்துக்காது, எவ்வளவு காலியா இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபெட்ங்கிற ஃபோர்மட்டுக்கு ஆக்கிட்டுப் போடுங்க, ஆக்கினா உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்.

விடிய விடிய நடந்த கூத்தை ஒரே டிஸ்கில திணிக்காதீங்க. சொஃப்ட்வெயார் மறுக்காது, ஆனா படத்தைக் கெடுத்துடும். தீப்பந்த வெளிச்சமும் புகையும் ஆடுற இடத்துலதான் எம்பெக்-2 முதல்ல சறுக்கும். மன்மதன் எரியுற நேரம் திரையெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். அதுக்கா ராத்திரி முழுக்கக் குளிரில நின்னு எடுத்தீங்க? ரதி மன்மதன் கல்யாணம் வரைக்கும் ஒரு டிஸ்க், தகனமும் ரதி புலம்பலும் அடுத்ததுல. ஒரு டிஸ்குக்கு ரெண்டு மணித்தியாலத்தைத் தாண்ட வேணாம். ஒரு டிஸ்க் முடிஞ்சு ஐஎஸ்ஓ ஆனதும் இடையில உள்ள எம்பெக் ஃபைலையும் வீடியோ டிஎஸ்ஸையும் அழிச்சா அடுத்ததுக்கு இடம் கிடைக்கும்.

வேகத்தை 4எக்ஸ்ல வைங்க, ஒரு டிஸ்குக்குக் கால் மணித்தியாலம் போகும். மழை நாளில கரண்ட் போகும், பெட்டரி முழுசா சார்ஜ் ஆன பிறகு ஆரம்பிங்க.

ஐஎஸ்ஓ ரெண்டையும் அழிச்சிடாதீங்க. எத்தனை வீட்டுக்கும் அதுல இருந்தே அடிக்கலாம், திரும்ப மாத்துற வேலை இல்ல. கொழும்புல வேலை செய்யிற பிள்ளைங்க தீபாவளிக்கு வந்தா கட்டாயம் இன்னொரு கொப்பி கேப்பாங்க.