ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் புற்றுநோய் டி.என்.ஏ.: உங்கள் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டியை எடுத்துப் பத்து நாளாகிறது. ரத்தத்தில் புற்றுநோய் டி.என்.ஏ. இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நோயே இல்லாதவர் ரத்தத்திலும் செத்த செல்களின் டி.என்.ஏ. துணுக்குகள் உண்டு, 1948-லேயே பிரான்சில் மாண்டெலும் மெத்தேயும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டி உதிர்ப்பது அதில் சிறு பங்குதான். ஆபரேஷன் காயம் ஆறும் வாரங்களில் சாதாரண டி.என்.ஏ. ஏராளமாகக் கலக்கும். அந்தக் கூட்டத்தில் புற்றுநோய்த் துணுக்கு இருந்தாலும் சிக்காமல் போகலாம். அதனால்தான் நான்கு வாரம் காத்திருக்கச் சொல்கிறோம்.

கேள்வி: பழைய கட்டியின் மிச்சம்தான் ரத்தத்தில் ஓடுகிறது என்று இருக்கக்கூடாதா?

பதில்: இருக்காது. இந்தத் துணுக்குகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு மாதம் கழித்தும் தென்பட்டால், அதை உதிர்க்கும் செல் உடம்பில் எங்கோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: டெஸ்ட் நெகட்டிவ். கீமோவை விட்டுவிடலாமா?

பதில்: எந்த ஸ்டேஜ் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஸ்டேஜ் (நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத) பெருங்குடல் புற்றுநோயாளிகள் 455 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2022-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவினருக்கு நான்காவது, ஏழாவது வாரங்களில் ரத்தம் பார்த்து, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் கீமோ. மற்றப் பிரிவில் டாக்டர்கள் வழக்கம்போல முடிவெடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் பேருக்குக் கீமோ போனது, ரத்தம் பார்த்த பிரிவில் 15 சதவீதம்தான். இரண்டு ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் முறையே 92.4, 93.5 சதவீதம். கீமோவுக்குப் பிறகு விரல் மரத்துப்போய் சட்டைப் பட்டன் போட முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்தவன் நான். அந்தத் தவிப்பு சிலருக்காவது தேவையில்லை என்பது எனக்கு மிகப் பெரிய செய்தி. ஆனால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய மூன்றாம் ஸ்டேஜில், நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகக் கீமோவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வயிற்று உறையிலோ நுரையீரலிலோ ஒட்டியிருக்கும் சிறு கட்டிகள் ரத்தத்தில் அதிகம் உதிர்ப்பதில்லை. சி.இ.ஏ. (புற்றுநோய் காட்டும் ஒரு புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை), சி.டி. ஸ்கேன், கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பாசிட்டிவ். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஸ்கேனில் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே ரத்தம் காட்டிக்கொடுப்பது உண்டு. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்னொன்றும் கேளுங்கள். வயதாக ஆக, ரத்த செல்களிலேயே சில மரபணு மாற்றங்கள் வரும். அவை புற்றுநோய்போலத் தோற்றம் காட்டும். உங்கள் கட்டியில் இருந்த மாற்றங்களைத்தான் தேடினார்களா, வெள்ளையணுக்களோடு ஒப்பிட்டார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள். உறுதியானால் கீமோவைப் பற்றி உடனே பேசுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதற்கென்று உள்ள குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாய் என்றால் சில மணி நேரத்தில் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளையணுக்கள் உடைந்து கணக்கு கெடும். அப்புறம், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி லேபில் கட்டியின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) இருக்கும். ரத்தத்தில் தேட வேண்டிய மாற்றங்கள் எவை என்று அதிலிருந்துதான் தெரியும். அதை இப்போதே கேட்டு வையுங்கள்.