முதலில் தராசு, பிறகு மெஷின்

கேள்வி: அக்கா, நெத்திலிக் கருவாட்டைப் பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறேன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஒட்டும் மெஷின் வாங்கிவிடட்டுமா? – வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம் தங்கச்சி, இப்போது வேண்டாம். முதலில் பத்து கிலோ பச்சை நெத்திலி வாங்கிக் காயவைத்து, எத்தனை கிலோ தேறுகிறது என்று நிறுத்துப் பார். அந்தக் கணக்கு தெரியாமல் விலை வைக்கவே முடியாது. மணலில் பரப்பாதே, கம்பு நட்டு, வலை கட்டி, அதன்மேல் காயப்போடு. ஒரு மீனை எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நான் அவசரப்பட்டு அப்படிக் கட்டிய நாற்பது பாக்கெட்டும் பத்தே நாளில் பூசணம் பூத்து, அத்தனையையும் கொட்டினேன். இன்னும் நெஞ்சு வலிக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வரத்து குறைந்து விலை ஏறும். அதற்கு முன்பே சரக்கு எடுக்கப் பாதிப் பணத்தைத் தொடாமல் வை.

உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு; அதற்கு ஆதார் வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடம் போகாதே. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட்ட பிறகே கடைகளுக்குக் கொடு.