பெட்டை நாய் வேட்கையில் இருக்கும் மூன்று கிழமை

கேள்வி: விசுவமடுவில் முக்கால் ஏக்கர் வளவு, பனைமட்டை வேலி. எங்கட பெட்டை நாய் ஹீட்டுக்கு வந்து ஐந்து நாள். இரவானால் படலையடியில் ஆறேழு கடுவன் நாய்கள். எங்கட கடுவனும் அதே ஈற்றில் பிறந்தவன்தான். சாப்பாடில்லாமல் வேலிக்கும் படலைக்கும் ஓடுகிறான், நேற்றுக் காது கிழிந்து வந்தான். இரண்டையும் கட்டிப்போட்டால் போதுமா?

பதில்: போதாது. பெட்டையை வெளியில் சங்கிலியில் கட்டுவது ஆபத்து. வேலிக்குக் கீழால் ஒரு கடுவன் நுழைந்தால் அவளால் விலகி ஓட முடியாது. அவளை வீட்டுக்குள் ஒரு அறையில் விட்டுக் கதவைப் பூட்டுங்கள். வாசலில் நிற்கும் ஏழு நாயைத் துரத்துவதைவிட, ஒன்றை உள்ளே வைத்திருப்பது எவ்வளவோ இலகு.

இரத்தம் கண்ட முதல் நாளைக் கலண்டரில் குறியுங்கள். பலர் இரத்தம் குறைந்ததும் "முடிந்துவிட்டது" என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் இரத்தம் வெளிறி வைக்கோல் நிறமாகும்போதுதான் அவள் வாலை ஒருபக்கம் ஒதுக்கிக் கடுவனை ஏற்பாள். பெரும்பாலும் அது ஒன்பதாம் நாளையொட்டித் தொடங்கும். அதற்குப் பிறகு அவளே வேலி பிரித்து ஓடப் பார்ப்பாள். நாய்க்கு நாய் வித்தியாசம் உண்டு. ஆகவே 21 நாள் முழுதாகவும், அதன்பின் பெண்குறியின் வீக்கம் வற்றும் வரையும் பூட்டு வேண்டும்.

வெளிக்கு விடும்போது சங்கிலி உங்கள் கையில் இருக்கட்டும். வேலியோரமோ படலையடியோ சிறுநீர் கழிக்க விடாதீர்கள்; அந்த மணம்தான் ஊர்க் கடுவன்களை அழைக்கிறது. வீட்டின் பின்பக்கம் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கூடப்பிறந்தவள் என்று உங்கள் கடுவன் விலகமாட்டான். இந்த மூன்று கிழமைக்கு அவனைத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட முடிந்தால் அதுவே நல்லது. பனைமட்டை வேலியில் ஏறுவதைவிட அடியைத் தோண்டுவதுதான் நாய்க்குச் சுகம். அடியில் கல் அடுக்குங்கள், அல்லது கம்பிவலையைப் புதையுங்கள். வெளியே பரந்தன் - முல்லைத்தீவு வீதி, வயல்கரையில் பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி. பெட்டையின் மணத்தில் ஓடுகிற நாய் இரண்டையும் பார்க்காது.

காது கிழிந்ததைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். இரண்டு நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். காயத்தை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். படலையில் கூடும் நாய்களுக்குப் பிள்ளைகள் கல்லெறியக் கூடாது. யாரையாவது கடித்தால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு பார்த்தும் சேர்ந்துவிட்டால் அடித்தோ இழுத்தோ பிரிக்காதீர்கள். கடுவனின் உறுப்பு உள்ளே வீங்கியிருக்கும். பிடித்து இழுத்தால் இரண்டுக்கும் காயம். அரை மணித்தியாலம் வரை பொறுங்கள், தானாக விலகும். "இனி என்ன" என்று பிறகு திறந்துவிடவும் வேண்டாம். ஒரே ஈற்றில் பல தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். தெருநாய்களிடையே இணைசேரும்போது தொற்றும் ஒரு புற்றுநோயும் உண்டு.

வேட்கையை அடக்க ஹோர்மோன் ஊசி கேட்டு வருபவர்களை நான் மறித்தே அனுப்புவேன். அதன்பின் கருப்பையில் சீழ் பிடித்து வரும் நாய்களைப் பார்ப்பது கொடுமை. கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் வழி. ஆனால் இப்போது வேண்டாம், இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும். வேட்கை முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். திகதியை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கடுவனுக்கும் செய்யுங்கள், செய்த பிறகும் சில கிழமைக்கு அவனால் குட்டி உண்டாகலாம்.

அதுவரை பெட்டையைக் கவனியுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பாட்டை வெறுத்தாலோ, சீழ் வடிந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.