மகனுக்கும் மாமனாருக்கும் ஒரே சிகிச்சையா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. சோற்றைக் கையால் தொடவே மாட்டான், சட்டை மாட்டினால் அழுவான். அவனை ஆக்குபேஷனல் தெரபிக்கு வாரம் ஒருமுறை தருமபுரிக்குக் கூட்டிப் போகிறேன். மூன்று மாதத்துக்கு முன் மாமனாருக்கு (வயது 64) பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பிசியோதெரபியில் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், கை மட்டும் சரியாக வரவில்லை. அவருக்கும் ஆக்குபேஷனல் தெரபி எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்குச் செய்வதைப் பெரியவருக்கும் செய்வார்களா? பிசியோதெரபி போதாதா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: எழுதிக் கொடுத்தது சரிதான், அம்மா. தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள். பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் மூளை வேகமாகத் தேறுகிறது. அதற்குப் பிறகும் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக வரும்.

பிசியோதெரபி அவரை நடக்க வைத்திருக்கிறது, நல்லது. நடந்து கழிவறை வரை போனவரால் வேட்டியை அவிழ்த்து, உட்கார்ந்து எழுந்து, கழுவிக்கொண்டு, மறுபடி கட்டிக்கொண்டு வர முடிகிறதா? ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பது இதைத்தான். ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள வைப்பதே இந்தச் சிகிச்சை. அன்றாட வேலை வயதுக்கு வயது மாறுவதால் சிகிச்சையும் மாறும். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பென்சில் பிடிக்க வராத பள்ளிப் பிள்ளை, ஓசூர் தொழிற்சாலையில் இயந்திரத்தில் விரல் நசுங்கிய இளைஞர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுத் தேறி மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண், மறதி நோயில் அடுப்பை அணைக்க மறக்கும் பாட்டி என எல்லோருக்கும் இது உண்டு.

உங்கள் மகனை முதலில் பார்ப்போம். நாலு வயதுப் பிள்ளையின் வேலை விளையாடுவது, சாப்பிடுவது, உடுத்திக்கொள்வது. ஈரச்சோறு கையில் ஒட்டுவது நமக்கு ஒன்றுமில்லை, இப்படிப்பட்ட சில பிள்ளைகளுக்கு அது தாங்க முடியாத தொல்லை. கையைப் பிடித்துச் சோற்றில் அழுத்தாதீர்கள், பயம்தான் கூடும். ஒரு தட்டில் காய்ந்த ராகியைப் பரப்பி அளைய விடுங்கள். அது பழகியதும் பிசைந்த மாவு, பிறகு கெட்டியான தயிர்சாதம். சட்டையின் கழுத்தில் உள்ள லேபிளை வெட்டிவிடுங்கள், துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்திச் சட்டையே போதும். தலை, கை எல்லாம் நீங்கள் நுழைத்துவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தது தான்தான் என்ற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் தெரபிஸ்ட் கற்றுத் தருவதை மற்ற ஆறு நாளும் வீட்டில் செய்தால்தான் பலன்.

இனி மாமனார். பாசத்தில் நாம் எல்லாவற்றையும் செய்துவிடுகிறோம்: ஊட்டுகிறோம், சட்டை மாட்டுகிறோம், முகம் துடைக்கிறோம். விழுந்த கையை நாளெல்லாம் சும்மா மடியில் போட்டிருந்தால் மூளை அந்தக் கையை மறக்கத் தொடங்கிவிடும். நேரமானாலும் அவரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள், கழற்றும்போது இடது கையை முதலில். வேட்டிக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது கடைகளில் கிடைக்கிறது. குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்தே. கழிவறையில் நாற்காலி போன்ற கம்மோடு போட்டு, அவருடைய இடது கைக்கு எட்டும்படி சுவரில் ஒரு பிடி பதியுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. இடது கையால் சாப்பிட நம் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். அதனாலேயே 'ஊட்டிவிடு' என்று விட்டுவிடுவார்கள், அல்லது பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார்கள். இப்போதைக்கு இடது கையால், துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூனில் சாப்பிடட்டும். வலது கை மேசைமேல் தட்டைப் பிடித்திருக்கட்டும். தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை களி உருண்டை வேண்டாம். மெல்லாமல் விழுங்குவது நம் பழக்கம், விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள். தக்காளி போட்டவர் என்றால், ரப்பர் பந்தை அமுக்குவதைவிடக் கூடையிலிருந்து தக்காளியைப் பெரிது சிறிது என்று தரம் பிரிப்பதில் மனம் ஈடுபடும், கையும் நூறு முறை நீண்டு மடங்கும். நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பழக்கும் முறையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது, தெரபிஸ்ட் சொல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

அவரை எழுப்பும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள், தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். உங்கள் இடுப்பையும் பாருங்கள், அம்மா. பிள்ளையையும் பெரியவரையும் ஒரே ஆளாகச் சுமக்கிறீர்கள். இதில் உங்கள் கணவருக்கும் பங்கு வேண்டும், தெரபிக்கு ஒருமுறையாவது அவரும் வரட்டும்.

பெரியவர்களுக்கு இந்தச் சிகிச்சை எந்தப் பிரிவில், எந்த நாளில் என்று தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. அலைய முடியாத நாட்களுக்கு, 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தெரபிக்குப் போகும்போது கட்டில், வாசற்படி, கழிவறை மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டைப் பார்த்தால்தான் அவர்களால் சரியாகச் சொல்ல முடியும்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை சட்டென்று தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.