மருத்துவர் பதில்: அண்ணன் மகளை மருமகளாக்கும் முன்

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. திருச்சியில் இருக்கும் என் அண்ணன் மகளும் (26 வயது) அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இரு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் நானே என் அத்தை மகனைக் கட்டியவள். என் அக்காவை எங்கள் தாய்மாமாவுக்கே கொடுத்தார்கள். அவர்கள் மகனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அண்ணியை மட்டும் அந்நியத்தில் எடுத்தோம். "மறுபடியும் சொந்தத்திலா?" என்று என் மகள் சண்டை போடுகிறாள். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரத்த வகை, ஓ பாசிட்டிவ். அதுவும் ஆகாது என்கிறார்கள். என்ன சோதனை செய்ய வேண்டும்?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ரத்த வகைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். கணவன் மனைவிக்கு ஒரே ரத்த வகை இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் கேடும் வராது. பெண்ணுக்கு நெகட்டிவ், ஆணுக்குப் பாசிட்டிவ் என்றால் மட்டும் கவனம் வேண்டும். அதற்கும் கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவ்வாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று என ஆன்டி-டி ஊசி இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கவலையே இல்லை.

இனி சொந்தம். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் பிறக்கும் பிள்ளையின் மரபணுக்களில் 6.25 விழுக்காடு, தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருக்கும். தாய்மாமனை மணந்தால் அது 12.5 விழுக்காடு. உங்கள் மகனுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. நீங்களும் உங்கள் கணவரும் அத்தை-மாமன் பிள்ளைகள் என்பதால், உங்கள் கணவர் வழியாகவும் அவன் அந்தப் பெண்ணுக்கு உறவு. கூட்டிப் பார்த்தால் சுமார் 7.8 விழுக்காடு. தலைமுறைதோறும் உள்ளுக்குள்ளேயே கட்டும் குடும்பங்களில் இந்த எண் இப்படித்தான் சத்தமில்லாமல் ஏறுகிறது. சித்தப்பா மகள் என்றால் தங்கை, மாமன் மகள் என்றால் முறைப்பெண் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மரபணுப் பங்கில் இருவரும் ஒன்றே.

இதனால் ஆபத்து எவ்வளவு? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றுக்கு 3 பிள்ளைகளுக்கு என்றால், ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்களுக்குச் சுமார் 6 என்று தெரிந்தது. இரட்டிப்புதான். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. உங்கள் மகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. "சொந்தம் என்றாலே ஊனம்தான்" என்று பயமுறுத்துபவர்கள் பேச்சில்தான் இல்லை.

இவை பொது எண்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம் அக்கா மகனின் காது. அது ஒடுங்கு மரபணுவால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, பழுதான பிரதி தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வந்தால் மட்டுமே குறை வெளிப்படும். அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது பெரும்பாலும் உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அப்படியானால் உங்களிடம் அது இருக்க வாய்ப்பு 1/2, அண்ணனிடமும் 1/2. உங்கள் மகனிடம் 1/4, அண்ணன் மகளிடம் 1/4. இருவரிடமும் சேர்ந்து இருக்க 1/16. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. மொத்தத்தில் 64இல் ஒன்று. பொதுவாக ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்குத்தான் காது கேளாமல் பிறக்கிறது. இங்கே ஆயிரத்துக்குப் பதினாறு.

ஆனால் அக்கா மகனுக்குக் காது போனது, அவன் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் வந்த ரூபெல்லா அம்மையாலோ, பிறந்ததும் வந்த கடும் மஞ்சள்காமாலையாலோ, மூளைக்காய்ச்சலாலோ என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். ஆகவே ரத்தம் முதலில் எடுக்க வேண்டியது மணமக்களிடம் அல்ல, அக்கா மகனிடம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மணமக்கள் மட்டும், பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் ஏதோ ஒரு பொதுத் தொகுப்புச் சோதனை செய்து "நார்மல்" என்று வாங்கி வருவார்கள். குடும்பத்தில் ஓடும் அந்த மரபணு அந்தத் தொகுப்பிலேயே இல்லாமல் போகலாம்.

அவனுக்குக் கேட்க வேண்டியது காது கேளாமைக்கான மரபணுத் தொகுப்புச் சோதனை. அதில் ஜிஜேபி2 (GJB2) என்ற மரபணு கட்டாயம் இருக்க வேண்டும். பிறவிக் காது கேளாமைக்கு அதுதான் முதல் சந்தேகப் புள்ளி. கூடவே இரண்டு விவரம் விசாரியுங்கள். இருட்டில் தடுமாறுகிறானா? ஆம் என்றால் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்திருக்கிறானா? வலிப்பு என்று யாராவது சொல்லியிருந்தாலும் ஒரு இசிஜி எடுத்தே ஆக வேண்டும். காதையும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் சேர்த்துத் தாக்கும் அரிய மரபணுக் கோளாறு ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது அவனுக்காகச் செய்ய வேண்டியது.

அறிக்கையைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளாதீர்கள். மரபணுவின் பெயரும் மாற்றத்தின் குறியீடும் எழுத்துப் பிசகாமல் இருக்கும் முழு அறிக்கையே வேண்டும். அது கையில் இருந்தால் மணமக்களிடம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். அவனிடம் எதுவும் சிக்கவில்லை என்றால் மரபு காரணமில்லை என்று அர்த்தமில்லை. 64இல் ஒன்று என்ற கணக்கை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணமக்களுக்குத் தலசீமியா என்ற மரபுவழி ரத்தசோகைக்கான சோதனை தனி. முழு ரத்த எண்ணிக்கையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழோ எம்சிஎச் (ஒரு சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின்) 27க்குக் கீழோ இருந்தால் ஹீமோகுளோபின் ஏ2 பார்க்க வேண்டும், 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது பழுதான பிரதி ஒன்றை மட்டும் வைத்திருப்பவர். இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் கீழே இழுத்துக் கேரியரை மறைத்துவிடும் என்பதால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல், பல நோய்களுக்கும் சேர்த்து விரிந்த கேரியர் சோதனை செய்வதானால் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே தொகுப்பு. "பொருள் உறுதியற்ற மாற்றம்" (நோய் தருமா தராதா என்று தெரியாதது) என்று வரும் வரிகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பியர்களே அதிகம். நம்மவர்களின் இயல்பான மாற்றங்கள்கூட அங்கே புதிராகத் தெரியும்.

"அந்நியத்தில் கட்டினால் தொல்லையில்லை" என்பதும் முழு உண்மையல்ல. பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த சமூகங்களில், உறவே தெரியாத இருவருக்கும் பழைய முன்னோர் ஒருவரே இருக்கலாம். ஆரிய வைசியரிடம் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு: அறுவைச் சிகிச்சையில் தசை தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இல்லை, தசையும் மூச்சும் திரும்ப மணிக்கணக்காகும். அதே சமூகத்துக்குள் தேடும் வரனுக்கும் கேரியர் சோதனை பொருந்தும்.

சிங்கப்பூரில் மாமன்-அத்தை பிள்ளைகள் மணக்கச் சட்டத் தடை இல்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ மரபணு ஆலோசனைக்குப் போகலாம். மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். கருச்சிதைவுகளையும் குழந்தையிலேயே இறந்தவர்களையும் விடாமல் எழுதுங்கள். முடிவு வர வாரக்கணக்காகும். அதற்கு முன் மண்டபம் பிடிக்காதீர்கள். அச்சடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் முடிவை நிதானமாகப் படிப்பதில்லை. முடிவைக் கேட்க மணமக்கள் இருவர் மட்டும் போகட்டும். கேரியர் என்பவர் நோயாளி அல்ல, ஆனாலும் அந்தச் சொல் குடும்பத்தில் பரவினால் பழி பெண் தலையில்தான் விழும்.

இருவருமே கேரியர் என்று வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கருவைச் சோதித்துப் பதிக்கும் ஐவிஎஃப் உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுத்திசு, 15ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் வழியும் உண்டு. எதுவும் வேண்டாம், பிறக்கும் பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்பதும் அவர்கள் உரிமை. காது விஷயத்தில் அதற்கு ஒரு கால அட்டவணை மட்டும் தேவை: ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கேட்கும் கருவியும் பயிற்சியும். முதல் பரிசோதனையில் தேறினாலும், குடும்ப வரலாற்றைச் சொல்லி மறுசோதனைக்கு நாள் கேளுங்கள். சில மரபுவழிக் குறைகள் பிறந்து சில மாதங்கள் கழித்தே தெரியும்.