பெட்டியில் என்ன, ரசீதில் என்ன? (நுகர்வோர் கேள்வி-பதில்)

நவராத்திரி நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடைந்த பொம்மை, உடைந்த கண்ணாடி, உடைந்த சாடி பற்றியவை. அதனால் இந்த வாரம் முழுக்கப் பார்சல்தான்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு, காஞ்சிபுரத்தில் வாங்கிய தசாவதார பொம்மை செட்டை அனுப்ப வேண்டும். வைக்கோல் வைத்து மரப்பெட்டியில் கட்டித் தருகிறேன் என்கிறார் பொம்மைக்காரர். அனுப்பலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: மதுரைக்கோ பெங்களூருக்கோ என்றால் தாராளமாக. மண்பொம்மையை அசையாமல் பிடித்துக்கொள்வதில் வைக்கோலை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்காவுக்கு வேண்டாம். வைக்கோலில் விதையும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அங்கே தடுத்துவிடுவார்கள். மரப்பெட்டிக்கும் விதி உண்டு. மரத்தின் உள்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதற்கான ஐபிபிசி (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை) முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். பொம்மைக்காரர் அடித்துத் தரும் பெட்டியில் அது இருக்காது. முழுக்க பிளைவுட்டில் செய்த பெட்டிக்கு இந்த விதி இல்லை.

அட்டைப்பெட்டியே போதும், கட்டுகிற விதம்தான் முக்கியம். முதலில் உடைவது நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்: ராமர் கை வில், பரசுராமர் கோடாலி, மச்சத்தின் வால். அந்த இடுக்குகளை மெல்லிய காகித உருண்டைகளால் நிரப்பி, பொம்மையை ஒரு உருளை மாதிரி ஆக்கிவிடுங்கள். பபிள் ரேப்பை நேரடியாகப் பெயின்ட் மேல் சுற்றாதீர்கள், சூட்டில் அதன் குமிழ்த் தடம் பதிந்துவிடும். செய்தித்தாளின் மையும் ஒட்டும். வெள்ளைத்தாள் சுற்றி, அதன்மேல் பபிள் ரேப். ஒவ்வொரு பொம்மைக்கும் தனிச் சின்னப் பெட்டி. பத்தையும் 5 ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை வையுங்கள். மூடிய பிறகு ஆட்டிப் பாருங்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும்.

பெட்டி பெரிதானால் கட்டணம் ஏறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைத்தான் பெரும்பாலான கூரியர்கள் கிலோ என்று கணக்கிடுகிறார்கள். சுங்கப் படிவத்தில் வெறுமனே ‘பொம்மை’ என்று எழுத வேண்டாம். ‘கையால் செய்த களிமண் பொம்மை, 10’ என்று எழுதி, உண்மையான விலையைப் போடுங்கள். 800 டாலர் வரை வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்குத்தான் அப்போது விலக்கை விட்டுவைத்தார்கள். வரியை யார், எங்கே கட்டுவது என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: ‘கண்ணாடி, கவனம்’ என்று சிவப்பு எழுத்தில் நாலு பக்கமும் ஒட்டினால் போதுமா? (வாசகர், திருச்சி)

பதில்: போதாது. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி கட்டுங்கள், அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

கேள்வி: 14,000 ரூபாய்க்குத் தஞ்சாவூர் ஓவியம் வாங்கி, புனேயில் இருக்கும் தம்பிக்குக் கூரியரில் அனுப்பினேன். இன்சூரன்ஸ் என்று 350 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடி நொறுங்கி, தங்க ரேக்கு கிழிந்து போய்ச் சேர்ந்தது. ‘ரசீதில் மதிப்பு எழுதவில்லை, 100 ரூபாய்தான் தருவோம்’ என்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதில் ஏற்றாமல் விட்டது சேவைக் குறைபாடு மட்டுமல்ல, ஏமாற்று வேலை. அந்த 100 ரூபாயை வாங்காதீர்கள். வாங்கினால் ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்பார்கள்.

350 ரூபாயை ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதில் இருக்கும் தொகைக்கும் நீங்கள் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசமே சாட்சி. தம்பியிடம் பெட்டி, உள்கட்டு, ஓவியம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எதையும் தூக்கிப் போட வேண்டாம். பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். சாலைவழியே போன சரக்கு என்றால், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கே நிற்காது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு.

இந்த ‘100 ரூபாய்’ விஷயத்தைப் பற்றி நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்கும்: எங்கள் பொறுப்பு இவ்வளவுதான் என்று. அதைப் படிக்க யாருக்கும் நேரம் தருவதில்லை. ஆனால் அது வெற்று வரி இல்லை. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் டிஎச்எல் கூரியரில் ஜெர்மனிக்கு அனுப்பிய, சரக்குக்கான ஆவணக் கவர் போய்ச் சேரவில்லை. பருவம் தாண்டிவிட்டது என்று வாங்குபவர் விலையைக் குறைத்தார். மாநில ஆணையம் 4 லட்சத்துக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது, காரணம் டிஎச்எல் படிவத்தில் இருந்த வரம்பும் அதன்கீழ் இருந்த கையெழுத்தும். 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் பிறகு, கையெழுத்து இல்லாத நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டாது என்று ஆணையங்கள் சொன்னதும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற பிரிவையே கொண்டுவந்திருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

நானும் ஒரு கையெழுத்தால் இழந்தவன்தான். கண்காட்சி ஒன்றில் நாலு பீங்கான் சாடி வாங்கினேன், 4,800 ரூபாய். கடைக்காரர்களே பார்சலில் போட்டார்கள். வாசலில் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருப்பதைப் பார்த்தும், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். உள்ளே மூன்று சாடி தூள். கேட்டபோது அந்தக் கையெழுத்தைத்தான் காட்டினார்கள். இப்போதெல்லாம் ‘பெட்டி நசுங்கியுள்ளது, திறந்து பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். செல்போன் திரையில் கையெழுத்து கேட்டால், கொண்டுவந்தவர் முன்னாலேயே பெட்டியைப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து 9,000 ரூபாய்க்குப் பழைய கண்ணாடித் தொங்கு விளக்கு வாங்கினேன். உடைந்து வந்தது. பில் இல்லை, விற்றவர் முகவரி தெரியாது. பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். நாலு மாதமாகிறது, இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார். பணத்தை வாங்கித் தர முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: பில் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை, பெட்டியையும் வைத்துக்கொள்ளவில்லை. நாலு மாதம் என்ன செய்தீர்கள்? உடைந்த பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தொழிலாக விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. யார் மேல் அதைப் பிரயோகிப்பது என்றுதான் உங்களுக்கே தெரியவில்லை. பணம் போன யுபிஐ பதிவில் பெயர் இருக்கும். அதையும் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்து இன்றைக்கே 1915-இல் பதிவு செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு ஆவக்காய் ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் அனுப்பலாமா? (வாசகி, நெல்லூர்ப்பேட்டை)

பதில்: வேண்டாம். காற்றை உறிஞ்சிக் கெட்டிப் பையில் சீல் வைத்துத் தரும் கூரியர் கடையில் கொடுங்கள்.

கேள்வி: பாட்டியின் வெண்கலக் குத்துவிளக்கு, நூறு வருடத்துக்கு மேல் பழையது. டொரன்டோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப என்ன கட்டு நல்லது? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கட்டுவதற்கு முன்னால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத உலோக வேலைப்பாடு தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் சொந்தப் பாட்டியுடையது என்றாலும் அப்படித்தான். வயது பற்றி நிச்சயம் இல்லை என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்று கேளுங்கள். அது கையில் வரும்வரை புக் செய்யாதீர்கள்.

கேள்வி: தபாலில் அனுப்பிய கண்ணாடி டம்ளர் செட் உடைந்துவிட்டது. அஞ்சல்துறை மேல் வழக்குப் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: இன்சூர் செய்திருந்தீர்களா? இல்லை என்றால் கஷ்டம். 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டமே அஞ்சலகத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதன் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும், விதிகளில் சொல்லியிருக்கும் அளவுக்கு மேல் பொறுப்பு இல்லை என்கிறது. கவுண்டரில் சில ரூபாய் கூடக் கட்டி, சரியான மதிப்பைச் சொல்லி, இன்சூர் செய்து அனுப்பலாம். கேட்டால்தான் செய்து தருவார்கள். உங்களுக்கு வரும் தபால் பார்சல் கிழிந்தோ எடை குறைந்தோ இருந்தால், அஞ்சலகத்திலேயே அவர்கள் முன்னிலையில் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள், உள்ளே இருந்ததை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.